நாலு செட்டிமியோ

கஸ்தெல்ஃபிதார்தோ மலைமேல்
அக்கார்டியன் பட்டறைகளுக்குப் பின்புறம்
சன்னல் இல்லாத அறை எனக்கு.
நுரைச்சுவர், இரண்டு மைக், ஒரு முக்காலி.
முக்காலியில் செட்டிமியோ,
நாள் சம்பளத்துக்கு சாக்ஸபோன் ஊதுபவன்.

மெதுவாக, என்றேன். ஊதினான்.
கொஞ்சம் அழுத்தி. ஊதினான்.
இன்னும்.
இப்போது உன் காரை எவனோ இடித்துவிட்டு ஓடுகிறான், என்றேன்.
ரீட் பிளந்துவிடும்போல் உறுமினான்.
சுரத்துக்கு நாலு வீதம் முப்பத்திரண்டு சுரம்.
மூன்று நாளில்
அவன் உதடும் என் காதும் வீங்கிவிட்டன.

நான் வெட்டுபவள்.
மூச்சை இழுப்பதை வெட்டுவேன்,
எச்சில் கொதிப்பதை வெட்டுவேன்,
மிச்சத்தை நாலு தட்டாக அடுக்கி
ஒரே கட்டைக்கு அடியில் வைப்பேன்.
ஐம்பத்தெட்டு வரை முதல் செட்டிமியோ.
தொண்ணூற்றாறு வரை இரண்டாமவன்.
நூற்றுப்பதினைந்து வரை மூன்றாமவன்.
அதற்குமேல் கார் இடிபட்டவன்.
நூற்றிருபத்தேழோடு எண் தீர்ந்துவிடும்.
அதையும் தாண்டிய கோபத்தை
வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே தட்டுக்குள் சத்தம் ஏறும், இறங்கும்,
முகம் மட்டும் மாறாது.
தொண்ணூற்றாறும் தொண்ணூற்றேழும்
அடுத்தடுத்த வீடு.
இடையில் சுவர் இல்லை,
ஆளும் இல்லை.
அங்கே ஊதச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

கட்டைக்குப் பலம் தெரியாது.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
அதன் அடியில் இரண்டு ரப்பர் பொட்டு.
முதல் பொட்டு தொட்டபின்
இரண்டாம் பொட்டு தொட எவ்வளவு நேரம்,
கணக்கு அவ்வளவுதான்.
விரைந்து வந்த விரலை
ஆத்திரக்காரன் என்று பதிந்துகொள்ளும்.
தயங்கி வந்தால் சாது.

லுகோஜிலிருந்து ஒரு கடிதம்.
டொரினெல் என்று பெயர்,
கல்யாணங்களில் ஒற்றை ஆளாக வாசிப்பவர்.
மரம் அறுக்கும் மில் என் மோதிரவிரலின் நுனியைத்
தின்றுவிட்டது, சிந்யோரா ஒர்னெல்லா.
அந்த விரலுக்கு எதைத் தொட்டாலும் அவசரம்.
மணப்பெண்ணின் அம்மா அழுகிற மெட்டில்
உங்கள் ஆள் பாய்ந்து வந்து கத்துகிறான்.
கொஞ்சம் கட்டிப்போடுங்கள்.

விரலுக்கு ஒரு விதி எழுத முடியாது;
கட்டை எந்த விரலென்று கேட்பதில்லை.
நாலாமவனின் கதவை
நூற்றிருபத்துமூன்றுக்குத் தள்ளி
கோப்பை அனுப்பினேன்.

ஆப்பிள் அறுவடை முடிந்ததும் இன்னொரு கடிதம்.
இரவு இரண்டு மணி,
ஹோரா வட்டம் தளர்ந்துவிட்டது,
மாப்பிள்ளையின் மாமன் உட்காரப் போகிறார்,
இருக்கிற விரலையெல்லாம் போட்டு அடித்தேன்,
உங்கள் ஆள் வரவே இல்லை.
பழையதையே கொடுத்துவிடுங்கள்.
அழுகிற மெட்டில் மோதிரவிரலை
மடித்து வைத்துக்கொள்கிறேன்.

கொடுத்தேன்.

பிறகு, யாரோ போனில் எடுத்த பதிவை அனுப்பியிருந்தார்.
இருநூறு பேர், கண்ணாடிக் குப்பிகள், ஒரு குழந்தையின் வீறிடல்,
நடுவில் மோதிரவிரல் இறங்குகிறது,
செட்டிமியோ உறுமுகிறான்,
வட்டம் மறுபடி சுழல்கிறது.
அந்த உறுமலுக்கு ஒரு மயிரிழை முன்னால்
கிரீச்.
நிறுத்தினேன். திரும்பப் போட்டேன்.
கிரீச்.
என் அறையின் முக்காலி.
முன்னால் சாய்ந்து ஊதியிருக்கிறான்,
என் கத்தி அதைத் தவறவிட்டிருக்கிறது.
இரண்டு வருடமாக,
யாரெல்லாம் ஓங்கி அடித்தார்களோ
அவர்கள் வீட்டிலெல்லாம்
அது கிரீச்சிட்டிருக்கிறது.

அடுத்த பதிப்புக்குத் திருத்தம் ஏதும் உண்டா
என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.
இல்லை என்று எழுதினேன்.

மதுக்கடையில் செட்டிமியோவைப் பார்த்தபோது
அவனிடம் மட்டும் சொன்னேன்.
காப்பிக்குச் சர்க்கரை போட்டபடி,
எழுபது எழுபத்தைந்து அளவில், கேட்டான்:
முக்காலிக்கும் மூன்று நாள் சம்பளம் உண்டா?