பதினெட்டுக்கு மேல்

இரண்டாம் எண் ஜன்னலில் நான்.
வெளியே சுப்பீரியர் ஏரி பாதி உறைந்து கிடக்கிறது.
பனி அப்பிய பூட்ஸோடு வந்த வயட் கெம்பைனன்
படிவத்தை உள்ளே தள்ளுகிறான்:
இருபத்தோரு கிரெடிட்.

பதினெட்டோடு சரி, என்கிறேன்.
அதற்கு மேல் டீன் கையெழுத்து வேண்டும்;
டீன் பேனாவைத் திறக்க
சராசரி மூன்றே கால் இருக்க வேண்டும்.
உன்னுடையது மூன்று புள்ளி ஒன்று ஒன்பது.

“மயிரிழைதானே?”

மயிரிழைதான்.

ஒரு கிரெடிட் என்றால்
வாரத்துக்கு ஒரு மணி வகுப்பில் உட்கார்வது,
இரண்டு மணி அறையில் முட்டி மோதுவது.
இருபத்தொன்றை மூன்றால் பெருக்கு,
அறுபத்து மூன்று.
பனி விழும் இரவெல்லாம்
நகராட்சி லாரியில் சாலை வழிக்கிறாயே,
அதை எதால் பெருக்க?

அவனிடமும் ஒரு கணக்கு இருக்கிறது.
பன்னிரண்டு எடுத்தாலும் பதினெட்டு எடுத்தாலும்
ஒரே கட்டணம்.
மே மாதம் முடித்துவிட்டால்
ஒரு பருவத்து வாடகை மிச்சம்.
பத்தொன்பதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு
என்று நான் சொன்னதும்
உதடு மட்டும் அசைகிறது, கூட்டிப் பார்க்கிறான்.
“அப்படியும் வாடகையைவிடக் குறைவுதான்.”

பிறகு வேதியியல் ஆய்வகத்தின் மேல் விரல் வைக்கிறான்.
“மூன்று மணி நேரம் நிற்கிறேன்.
தருவது ஒரே ஒரு கிரெடிட்.
மீதி இரண்டு யார் பாக்கெட்டில்?”
பதினோரு வருஷமாக இதே நாற்காலி.
எனக்கும் தெரியாது.

கடைசியில் புள்ளியியல் போகிறது.
கோடையில் எழுதிக்கொள்ளலாம்,
மே மாதம் அங்கி மாட்டி மேடை ஏறலாம்,
கையில் தரும் உறைக்குள் மட்டும்
பட்டம் இருக்காது.
சிரிக்கிறான். சிரிக்கவில்லை.
என்னவோ செய்கிறது அவன் முகம்.

பட்டியலின் அடியில் இன்னொரு வரி:
சேர்ந்திசைக் குழு.
செவ்வாய், வியாழன் மாலை.
பூஜ்ஜியம்.

“வாரத்துக்கு நான்கு மணி தின்கிறது,
எதிலும் சேரவில்லை. இதையும் எடுத்துவிடேன்.”

“எதிலும் சேராததை
எதிலிருந்து எடுப்பது?”

முத்திரை குத்துகிறேன்.
மை காயுமுன் மடித்து சட்டைக்குள் செருகுகிறான்;
தேதியின் எட்டு
எதிர்ப்பாதியிலும் ஒட்டியிருக்கும்.

வரிசையில் அடுத்தவளுக்கு
பன்னிரண்டில் ஒன்றை விட்டாக வேண்டுமாம்.
விட்டால் உதவித்தொகை போய்விடும்.
நாற்காலியை முன்னே இழுத்துக்கொள்கிறேன்.

இரவு ஓரடி பனி என்கிறது வானொலி.
இன்று வியாழன்.