முற்றுப்புள்ளி

டலூத்தில் பனி இறங்கினால் எங்களுக்கு டயர் விற்கும்.
அதை ஊருக்குச் சொல்ல
நூற்றறுபது எழுத்து எனக்கு.
கடைப் பெயர் இல்லாமல் அனுப்பக் கூடாது,
இருபத்திரண்டு போயிற்று.
‘வேண்டாமென்றால் நிறுத்து என்று அனுப்புங்கள்’
அதுவும் இருந்தே ஆகவேண்டும்.
மிச்ச இடத்தில் நின்றுதான் கூவுகிறேன்.

வக்கீல் வாண்டா ஸ்க்ரோபெக்
வருடத்துக்கு ஒருமுறை ஈர பூட்ஸோடு வந்து
தரையெல்லாம் குளமாக்கிவிட்டுச் சொல்வாள்:
சம்மதக் கட்டத்தில் டிக்கை நீ போட்டு வைக்காதே.
காலை எட்டுக்கு முன் இல்லை,
இரவு ஒன்பதுக்குப் பின் இல்லை.

யாருடைய எட்டு?

உன்னுடையது இல்லை, என்றாள்.
எண்ணை மாற்றாமல் அலாஸ்காவுக்குக் குடிபோன ஒருத்திக்காக
மூன்று மணி நேரம் காத்திருக்கிறது
என் ஒரே ஒரு செய்தி.

ஆர்வில் ஹௌகன் மட்டும்
எல்லாவற்றுக்கும் பதில் போடுவார்
‘மூன்றின் விலையில் நான்கு’ என்றால்
என் லாரிக்கு ஆறு வேண்டுமே
‘நாளையே கடைசி’ என்றால்
போன மாதமும் இதையேதான் சொன்னாய்
ஒருநாள் தள்ளுபடிக்குக் கீழே,
லோயிஸுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது
இயந்திரம் அவருக்குச் சொன்னது:
புரியவில்லை. உதவி தேவையென்றால்
உதவி என்று அனுப்புங்கள்.

ஜனவரி, ஒரு செவ்வாய், காலை எட்டு நாலுக்கு
அவர் எண்ணிலிருந்து ஒரே சொல்.
நிறுத்து.

ஆர்வில் முற்றுப்புள்ளி வைத்து
நான் பார்த்ததே இல்லை.

நான் நாற்காலியை இழுப்பதற்குள்
‘நீக்கிவிட்டோம், இனி வராது’ போய்விட்டது.
அந்த ஒன்றுதான் அனுமதி.
அதில் விலை கூடாது, கெஞ்சல் கூடாது.

வாண்டாவுக்குப் போன் போட்டேன்:
சௌக்கியமா என்று கேட்பது விளம்பரமா?
அவள் காரின் இண்டிகேட்டர்
டிக் டிக் என்று வெகுநேரம் யோசித்தது.
கடை எண்ணிலிருந்து வேண்டாம், என்றாள்.
என் எண்ணிலிருந்து? என்று
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நீக்கியவரைத் தூக்கி எறிவதும் இல்லை நாங்கள்.
தவறிக்கூடப் போய்விடாதிருக்க
தனிப் பட்டியலில் பத்திரமாக வைத்திருக்கிறோம்,
ஒரு பல் டாக்டருக்கும்
கெட்ட வார்த்தையில் நிறுத்தச் சொன்னவனுக்கும் நடுவே.

பிப்ரவரி விற்பனைக்கு எழுத்துகளை எண்ணி எண்ணிக் குறைத்து
புதிதாக ஒரு வரி நுழைத்தேன்:
லாரிக்கு ஆறு வாங்கினாலும் இதே சலுகை.

இரண்டாயிரத்து நாற்பது பேருக்குப் போனது.
ஒருவருக்குப் போகவில்லை.