மாடத்து ஜன்னல்

ரொசாரியோவில் ஜனவரி என்றால்
நதியே வியர்க்கும்.
எங்கள் ஜெப ஆலயத்தில் பெண்களுக்கு மாடி.
கீழே ஆண்கள் விட்ட மூச்செல்லாம்
வானத்துக்குப் போகுமுன்
எங்களிடம்தான் வந்து தங்கும்.

மூன்றாம் வரிசையில் ஒரு ஜன்னல்.
கயிற்றை இழுத்தால் திறக்கும்,
விட்டால் டம்மென்று மூடும்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஃபனி கிரின்ஸ்புன்,
திறந்தே தீரவேண்டும் அவளுக்கு.
அந்தப் பக்கம் மிர்தா கப்லூன்,
கழுத்துக்குக் காற்று ஆகாதவள்.
நடுவில் நான்.
இருபத்திரண்டு வருடமாக
வலது காதில் ஒரு நியாயம்
இடது காதில் ஒரு நியாயம்.

தோராவை எடுத்து வரும்போது மட்டும்
மூவரும் ஒன்றாக எழுந்து நிற்போம்.
அப்போதும் ஃபனியின் கை கயிற்றில்தான்.

ஒருமுறை, பெரிய நோன்பு நாள், பசி வேறு,
சொல்லிவிட்டாள்:
"உன் அம்மா கோல்டெயும் இப்படித்தான்.
வெயிலோ குளிரோ
அடைத்த வீட்டுக்குள் அடைகாத்தவள்."

அதன்பின் எட்டு மாதம்
எங்கள் வரிசையில் பேச்சு என் வழியாகத்தான் போனது.
அவளிடம் சொல். அவளிடம் கேள்.
தொழுகை முடிந்து கீழே
ஹெர்ரிங் மீனும் தேன் கேக்கும் வைத்த மேசையில்
உப்பு ஜாடிகூட என் கை மாறித்தான் போய்ச் சேர்ந்தது.
எப்படிச் சரியானது என்று கேட்காதீர்கள்.
யாருக்கோ பேத்தி பிறந்தாள்.
இருவரும் ஒரே தொட்டிலுக்குள் குனிந்தார்கள்,
தலை முட்டிக்கொண்டது.

போன மார்ச்சில் மிர்தா வரவில்லை.
வாசல் காவலர் எவரிஸ்தோதான் முதலில் கேட்டார்.
அவர் யூதர் இல்லை,
சட்டைக்குள் சிலுவைச் சங்கிலி.
ஆனால் எங்களில் யாரைக் காணோம் என்பது
ரபியைவிட அவருக்குத்தான் முன்னால் தெரியும்.
மருத்துவமனையில் என்றோம்.
ரத்தத்தில் ஏதோ என்றோம்.
அந்த ஏதோவுக்கு யாரும் பெயர் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை
நோயாளிகளுக்கான வேண்டுதல்.
நஹும் பட்டியலோடு மேடையில் நின்றார்.
எங்கள் வழக்கத்தில்
உடம்புக்கு முடியாதவரைத்
தாயின் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.
"மிரியம்" என்றார். நிறுத்தினார்.
கண்ணாடியைக் கழற்றி மேலே பார்த்தார்.

அவள் கல்யாணத்தில் ஆடியவர்கள் இருந்தார்கள்.
அவளிடம் கடன் வாங்கிய நாற்காலிகளைத்
திருப்பித் தராதவர்களும் இருந்தார்கள்.
ஒருவருக்கும் தெரியவில்லை.
நடுவில் உட்கார்ந்து எல்லாம் கேட்டவள் நான்,
எனக்கும் நாக்கில் வரவில்லை.

ஃபனி எழுந்தாள்.
மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
சந்தையில் கூவுவதுபோல் கத்தினாள்:
"கோல்டெ! கோல்டெயின் மகள்!"

வைவதற்கென்று வைத்திருந்த பெயர்
வேண்டுதலாகிக் கீழே இறங்கியது.
ஆமென் என்றோம்.
அவள் மட்டும் உட்கார மறந்து நின்றாள்.

அன்று ஜன்னலை யாரும் திறக்கவில்லை.
அடுத்த சனியும் இல்லை.
குளிர்காலத்தில் அது பெரிய தியாகமில்லைதான்.
நவம்பரில் இருந்தது.
ஃபனி பிரார்த்தனைப் புத்தகத்தால் விசிறிக்கொண்டாள்,
கயிறு ஆணியில் சுற்றிக் கிடந்தது.

டிசம்பரில் மிர்தா வந்தாள்.
தலையில் நீலத் துணி, புருவமில்லாத முகம்.
எவரிஸ்தோ கதவைத் திறக்க மறந்து பார்த்தார்.
மாடியேறப் பத்து நிமிடம்.
உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். அண்ணாந்தாள்.

"யார் இதை அடைத்தது?
மருந்து உள்ளே நெருப்பாய் எரிகிறது. திற."
"காற்று பட்டால் உனக்கு ஆகாது."
"திற."
"டாக்டரைக் கேட்டாயா?"
"டாக்டரா இங்கே வந்து வேகிறார்? இழு கயிற்றை."

முன்வரிசைப் பெண்கள் உஷ் என்றார்கள்.
கீழே நஹும் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்,
தோள் மட்டும் குலுங்கியது.

இப்போது என் வலது காதில்
இடது காதின் பழைய நியாயம்.
பழகக் கொஞ்ச நாளாகும்.
இருவருக்கும் எட்டாமல்
கயிறு என் மடியில் கிடக்கிறது.
நதிக்காற்று வருமா என்று பார்க்க
ஒரு சாண் இழுக்கிறேன்.
இரண்டு பேரும் என்னைத் திட்டுகிறார்கள்.