வெள்ளி நிறத் துண்டு

பேர்ணாம்பட்டிலிருந்து முனவ்வர் பாஷா
பாலிதீன் பையில் கொண்டுவந்தார்
ஒரு சாண் தோல்.
குரோமில் ஊறிய வெளிர்நீலம்,
அதன்மேல் மிளகைத் தட்டிப் போட்டதுபோல் கருப்பு.
ஆம்பூருக்குப் போன லாரி
பாரத்தோடு திரும்பிவிட்டதாம்.
"யார் பண்ணதுன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா."

யார் என்பதைச் சாதாரண லென்ஸே சொல்லிவிட்டது.
ஆஸ்பர்ஜில்லஸ்.
வெங்காயத் தோலுக்குள் நாம் துடைத்துப் போடும்
அதே கருப்பு.
மருந்தில் முக்கிய தோலில்
எதைப் போர்த்திக்கொண்டு பிழைத்தது என்பதற்குத்தான்
உள்ளே போக வேண்டியிருந்தது.

உள்ளே போவது லேசில்லை.
கொன்றுதான் போக வேண்டும்,
இருந்தது இருந்தபடி இருக்கக் கொல்ல வேண்டும்.
குளூட்டரால்டிஹைடு. பிறகு ஆஸ்மியம்.
முதல் வாரம் வித்து எதையும் உள்ளே விடவில்லை.
ரெசினை அறுத்தால்
முறுக்கு அச்சுபோல் வட்ட வட்டமாய் ஓட்டை,
வித்து மட்டும் உதிர்ந்துபோய்.
மறுமுறை மூன்று நாள் ஊறவிட்டேன்.

இரவு பதினொன்றுக்குமேல்தான் அறுப்பேன்.
பகலில் பெங்களூர் ரோட்டு லாரி ஒவ்வொன்றும்
வைரக் கத்தியில் வந்து இடிக்கும்,
துண்டெல்லாம் வரிவரியாகிவிடும்
தண்ணீர் வராத பாலாற்றில் காற்று கிழித்த மணல்போல்.
ஏசியை அணைப்பேன். ஃபேன் கூடாது.
வேலூர், மே மாதம்.
முதுகில் வேர்வை இறங்குவது தெரியும்,
துடைக்கக் கை கிடையாது.
மூச்சை நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றுவேன்.

கத்தியோரத் தண்ணீரில் துண்டுகள் மிதந்து வரும்.
ஊதா என்றால் கனம்.
தங்கம் என்றாலும் கனம்தான்.
லாங்கு பஜாரில் சொன்னால் சிரிப்பார்கள்,
தங்கத்தை ஒதுக்கிவிட்டு
வெள்ளிக்குக் காத்திருக்கிறாள் ஒருத்தி என்று.
வெள்ளி என்பது எழுபது நானோமீட்டர்.
அதைத் தொட விரல் ஆகாது, ஊசி ஆகாது.
ஊதுபத்திக் குச்சி நுனியில் ஒட்டிய ஓர் இமைமுடி.
என்னுடையதுதான், வலது கண்.
அதால் ஓட்டி ஓட்டிச் செப்பு வலையில் ஏற்றினேன்.
யுரேனியம் ஒரு சொட்டு.
ஈயம் ஒரு சொட்டு.

இருட்டறை. பச்சைத் திரை.
முள்முள்ளாய் ஒரு விளிம்பு,
அதற்குள் கரி பூசிய அடுக்கு,
அதற்கும் உள்ளே வெளுத்த, தடித்த மற்றொன்று.
குறிப்பேட்டில் 'கோட்டை' என்று எழுதினேன்.
இந்த ஊர்ப் புத்தி.
பிறகு அடித்தேன்.
கோட்டை என்றால் உள்ளே சண்டைக்கு ஆள் இருக்கும்.
இங்கே ஒரு கரு,
ஓரமாய் மடிப்பு மடிப்பாக நாலைந்து மைட்டோகாண்ட்ரியா,
மிச்ச இடமெல்லாம் எண்ணெய்த் துளி.
கட்டுச்சோறு.
எந்த வண்டி, எந்த ஊர் என்று தெரியாமல்
காட்பாடி பிளாட்பாரத்தில்
மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

அப்போது கரண்ட் போனது.
வெற்றிடம் இறங்கும் சத்தம்,
நீண்ட பெருமூச்சு மாதிரி.
நானும் இழுத்து மூச்சு விட்டேன்.
இழுத்ததில் எத்தனை வித்தோ.

காலையில் பாஷா கேட்டார்,
"செத்துப்போச்சா, உசுரோட இருக்கா?"
நான் பார்த்தது நான் கொன்றது.
தயாளன் அதே தோலில் தடவி வளர்த்த தட்டை
மேசைமேல் நகர்த்தினேன்.
மூன்று நாளில் மூடிவரைக்கும் கருப்பு.
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
என் படத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அறிக்கையில் சுவரின் தடிமன் எழுதினேன்.
எண்ணெய்த் துளிக்கு அதில் கட்டம் இல்லை.
படத்தின் கீழ் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு,
அரை மைக்ரோமீட்டர்.

குச்சியிலிருந்த முடி வளைந்துவிட்டது.
கைகழுவும் தொட்டிக் கண்ணாடி முன் நின்று
இன்னொன்று தேடுகிறேன்,
இந்த முறை இடது கண்ணில்.