இரண்டு பத்துக்கு வரும் அழைப்பு

தினமும் இரவு இரண்டு பத்துக்கு
அணையிலிருந்து அழைப்பு வரும்.
மூன்று வாரமாய் வருகிறது,
மூன்று வாரமாய் அறுந்துபோகிறது.
பதிவேட்டில் ஒரே வரி:
ஒலித்தது, எடுத்தது, கேரியர் இல்லை.

மார்ச். மானிடோபா. மைனஸ் முப்பத்தொன்று.
நகராட்சியும் நூலகமும் பங்குபோட்டு வாங்கிய
புதிய மோடம்கள் எட்டு, பின்னறைத் தட்டில்.
ஐம்பத்தாறாயிரம் வேகம் என்றது பெட்டி.
எங்கள் ஊர்த் தொலைபேசிக் கம்பி
அதில் பாதியைக் கண்டதில்லை.
காலிப் பெட்டிகளை ஜீல் கார்டினல்
பூனைக்கு வீடு கட்ட எடுத்துப்போனான்.

அணையில் ஒரு தகரக் கூண்டு.
உள்ளே இரண்டாயிரத்து நானூறு வேகத்தில்
ஒரு மோடம்.
எண்பத்தேழில் ஓரெஸ்ட் பவ்லியுக்
முடுக்கிய நான்கு திருகுகள்
முடுக்கிய இடத்திலேயே இருக்கின்றன.
ஆறு எத்தனை மீட்டர்:
அது பேசும் ஒரே பேச்சு.
பனி உருகுமுன் எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு ராத்திரி தங்கினேன்,
ஒலிபெருக்கியைத் திறந்துவைத்து.

மணி ஒரு முறை. இரண்டு முறை.
புதியது எடுத்தது,
எடுத்ததும் தன் பட்டங்களை வாசிக்கத் தொடங்கியது.
நடுநடுவே நடுங்கும் நீண்ட விசில்,
இந்த வேகம் வருமா, வராதா, சரி அந்த வேகம்,
அதுவும் இல்லையா, இன்னொரு படி இறங்குகிறேன்,
பிழை திருத்தவா, சுருக்கிப் பேசலாமா
அப்பப்பா,
கல்யாணத்துக்கு வந்தவன் முகவரி கேட்டால்
கோத்திரம் சொல்கிற மாதிரி.

மறுமுனையில் மூச்சில்லை.
அதற்கு வேண்டியது ஒரு விசில்,
பிறகு ஒரு சீறல். அவ்வளவே.
முப்பது நொடி காத்திரு என்று
யாரோ எப்போதோ சொல்லி வைத்திருந்தார்கள்.
புதியது படியிறங்கிப் படியிறங்கி
அதன் வாசலுக்கு வந்தபோது
முப்பத்தோராவது நொடி.

யானைக்கு அர்ரம், குதிரைக்குக் குர்ரம்.
இதில் யார்மேல் கோபப்படுவது?

விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன்.
"பழசோடும் ஒத்துப்போகும், மேடம்."
எவ்வளவு பழசு என்றேன்.
கையேடு புரளும் சத்தம்,
அப்புறம் நாற்பது நிமிடம் இசை.

ஓரெஸ்டுக்குப் போன் செய்தேன்.
"அந்த முப்பதை அறுபதாக்கணும்.
நேரில்தான் போகணும்" என்றார்.
பின்னணியில் டிவியில் கர்லிங்;
கல் மோதும் சத்தத்தில் வைத்துவிட்டார்.

போக முடியாத ராத்திரிகளில்
இங்கிருந்தே செய்யக்கூடியது ஒன்று இருந்தது.
தட்டின் முதல் மோடத்துக்குக் கட்டளை அடித்தேன்:
வேகத்தை மற. திருத்தாதே. சுருக்காதே.
ஒரு விசில் அடித்துவிட்டுக் காது கொடு.

மறுநாள் காலை ஒன்பதுக்கு
முதல் ஆளாய் நுழைந்த நூலகர் சிக்ரித் தோர்லாக்சன்
"பக்கம் எழுத்தெழுத்தாய் வருகிறது லியோனா,
நானே எழுதியிருப்பேன்" என்றாள்.
அதனால் இரவில் மாற்றினேன்,
விடியலில் திரும்ப மாற்றினேன்.
மேசையடியில் தூங்குபை.

இருபத்தாறாம் இரவு, இரண்டு பத்து.
ஒரு விசில். ஒரு சீறல்.
இணைந்தது என்றது திரை.
எழுந்து நின்றேன். எதற்கென்று தெரியவில்லை,
அறையில் யாருமில்லை.

சேர்த்துவைத்ததையெல்லாம் சொன்னது,
அவசரமில்லாமல், வரிவரியாய்.
முதல் நான்கு நாள்: இரண்டு புள்ளி எட்டு மீட்டர்.
ஐந்தாம் நாளிலிருந்து
மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது.
மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது.
கடைசிவரை அதேதான்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது:
உணர்கருவி பதில் தரவில்லை.
கூண்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே
எங்கோ ஒரு கம்பி.
இத்தனை ராத்திரி கூப்பிட்டது
தெரியவில்லை என்று சொல்வதற்கு.

காலையில் ஜீல் பனிவண்டியைக் கிளப்பினான்.
கம்பியைப் பார்,
பார்த்துவிட்டு முப்பதை அறுபதாக்கு என்று
கட்டளையைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.
கையுறையோடு வாங்கி, கண்ணருகே பிடித்து,
"இது ஏழா, ஒன்றா?" என்றான்.