உப்புத் தெருவில் ஒரு களவு

புகார் கொடுக்க வந்தவன் தொப்பியைக் கழற்றவில்லை.
குன்வால்டிஸ், வயது நாற்பத்து மூன்று,
லியபாயா டிராம் பணிமனையில் பிரேக் பார்ப்பவன்.
படகைக் காணோம் என்றான். எழுதத் தொடங்கினேன்:
பச்சை நிறம், இரண்டு பாய், பின்புறம் ஒரு விளக்கு.
எந்தத் துறையில் கட்டியிருந்தாய்?
என் மேசைக் கணினியை விரலால் சுட்டினான்.

அடுத்த அறையில் சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம் சிரித்தேன், மறைப்பானேன்.
சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து
பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தான்.
பதினோரு மாத இரவுகள்:
இன்று அடிப்பலகை. இன்று சுக்கான்.
இன்று ஒன்றும் ஓடவில்லை.

படிவத்தில் பொருளின் மதிப்பு என்றொரு கட்டம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
ஒன்று என்று போட்டேன். ஒரு யூரோ.
அவன் அதைப் பார்த்துவிட்டான்.

அங்கே போக ஓர் உடம்பு வேண்டும்.
இலாகா காசு தராது, இலவசமாக வந்ததை எடுத்தேன்:
ஒடுங்கிய இடுப்பு, முகத்தில் பாதி கண்,
இருபது வயது இருக்கலாம். எனக்கு ஐம்பத்தாறு.
முதல் நாள் நடக்கத் தெரியாமல்
ரொட்டிக்கடைச் சுவருக்குள் சிக்கிக்கொண்டேன்.
ஆந்தைத் தலை வைத்த ஒருவன் இழுத்துவிட்டான்.

உப்புத் தெரு, கடைசியில் துறை.
பனி பெய்துகொண்டே இருக்கிறது, தரையில் சேர்வதில்லை.
கால் பதியாத மண்ணில்
தடம் பார்க்கக் குனிந்தேன், பழக்கதோஷம்.
மெய் இல்லாதவர்களிடம்
மெய் கேட்டு வீடு வீடாக ஏறினேன்.
நரி சொன்னது: அன்றைக்குப் பல் பிடுங்கினார்கள், நான் வரவில்லை.
கவசம் போட்ட வீரன் சொன்னான்:
பிள்ளைக்குக் காய்ச்சல், பாதியில் போய்விட்டேன்.

ஆந்தைத் தலையன் மட்டும் பார்த்திருந்தான்.
வால்பரைசோவில் ஆஸ்பத்திரி ஒன்றின் இரவுக் காவலாளியாம்.
மூன்று பதினாலுக்குப் படகுக்காரனே வந்து
கயிற்றை அவிழ்த்தான். கையசைத்தேன்.
எப்போதும் திருப்பி அசைப்பவன்
அன்று அசைக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து
வக்கீல் கடிதத்தோடு வந்தது முகவரி:
எங்கள் துறைமுகம், ஆறாம் எண் கிரேன், ஓய்வறை.
ரைதிஸ். கிரேன் ஓட்டுபவன்.
என்றோ ஓர் இரவு, பாய் தைக்க உதவி கேட்டு
குன்வால்டிஸ் தானே சொல்லியிருந்த கடவுச்சொல்.

விற்றாயா?
இல்லை.
ஓட்டினாயா?
இல்லை.
பின்னே?
உட்கார்ந்திருப்பேன்.
இருபது வருடமாக மேலிருந்து கப்பல்களைப் பார்க்கிறேன்,
ஒன்றிலும் கால் வைத்ததில்லை என்றான்.
அதை வாக்குமூலத்தில் எங்கே சேர்ப்பதென்று தெரியவில்லை.

விசாரணை நாளில்
வராண்டாவில் ஒரே பெஞ்சில் இருபது நிமிடம்
இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்,
யார் யாரென்று தெரியாமல்.
ஒருவன் மற்றவனுக்குத் தீப்பெட்டி கொடுத்தான்.

அரசு வழக்கறிஞர் கோப்பைத் திருப்பினார்.
ஒரு யூரோவுக்கு நீதிமன்றமா என்று கேட்டார்.
நான் போட்ட ஒன்று.
படகு உரியவனிடம் போனது, வழக்கு அலமாரிக்குப் போனது.

மார்ச்சில் கணினிப் பையன் வந்தான்:
ஆவண அறையில் ஓர் இயந்திரம்
நவம்பரிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறதே, யாருடையது?
வெளியே வரும் வழியை நான் கற்கவேயில்லை.
மூடியை மட்டும் மூடியிருந்தேன்.

திறந்தால், நிற்கிறாள்.
துறையில், விட்ட இடத்தில், அதே பெரிய கண்களோடு.
காலடியில் பதினேழு விளக்குகள், ஒரு முக்காலி,
யாரோ கையில் செருகிய குடை.
ஆந்தைத் தலையன் எழுதி வைத்திருந்தான்:
நீங்கள் நிற்கத் தொடங்கியதிலிருந்து
இந்தத் தெருவில் ஓர் ஆணி போகவில்லை.
சற்றுத் தள்ளி, பச்சைப் படகில்
இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அணைக்கட்டுமா என்றான் பையன்.
கரண்டுக்கு எவ்வளவு ஆகும் என்றேன்.
மாதம் மூன்று யூரோ.

வழக்கைவிட இரண்டு அதிகம்.
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.