பிரிஜ் ஏறிய பாதை

‘நடுத்தரம்’ என்றுதான் போட்டிருந்தது.
ஆறு கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம்,
உச்சியில் நின்றால் கண்டி முழுதும் தெரியும்,
அட்டை கவனம்.

ஞாயிறு விடிய ஆறரைக்கு
பௌமிலா, நான், அவளுடைய தம்பி இர்ஷாத்
ஹந்தானைக்கு ஏறத் தொடங்கினோம்.
காலுறைக்குள் சவர்க்காரத் தூள்,
பையில் நான்கு மாலு பாண்,
எனக்கு மட்டும் புதுச் சப்பாத்து.
பாமசியில் ஆறு நாளும் நிற்கிற கால்
ஏழாம் நாள் ஏன் நடக்கிறது என்று
அது கேட்கவில்லை, கடித்தது.

பைன் மரங்களுக்குக் கீழே எதுவும் முளைப்பதில்லை.
உதிர்ந்த ஊசிகள்மேல் நடக்கையில்
யாரோ நித்திரை கொள்ளும் அறைக்குள்
களவாய் நுழைவதுபோல் இருந்தது.
பிறகு மானா. இடுப்பளவு மானா.
நுனிக்கு நுனி எழும்பி நின்று
தலையாட்டி வரவேற்றன அட்டைகள்.
இர்ஷாத் பன்னிரண்டு வரை எண்ணினான்,
அதற்குப் பிறகு பேசவில்லை.

பாதை தேயிலைக்குள் இறங்கிய இடத்தில்
மூடுபனி வந்து ஊரை எடுத்துக்கொண்டு போனது.
குளம் போனது. மாளிகைக் கூரை போனது.
எதிர்மலைப் புத்தர் மட்டும்
தோள்வரை கொஞ்ச நேரம் நின்றார்,
பிறகு அவரும்.

அப்போதுதான் கீழே சத்தம்:
“ஒதுங்குங்க, ஒதுங்குங்க, பிரிஜ் வருது!”

நாலு பேர், இரண்டு சவுக்குக் கம்பு, மாட்டுக் கயிறு.
படுக்கப் போடக்கூடாதென்று கடைக்காரன் சொன்னானாம்,
தாலி கட்டப் போகிற மாப்பிள்ளைபோல்
நிமிர்ந்து வந்தது, பிளாஸ்டிக் உறை கழற்றாமல்.
ஓட்டோ மதகோடு நின்றுவிட்டது.
மதகுக்கு மேலே தேர்தல் வரும்,
கொங்கிரீட்டு வராது.

பின்னால் இடப்பக்கம் பிடித்தவரின் செருப்பு வார்
எங்களுக்கு முன்னால் அறுந்தது.
இர்ஷாத் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான்.
என்ன நினைத்தேனோ, நானும்.
சேலைன் பெட்டிக்கு மேல் எதையும் தூக்கியறியாத கை.
“அக்கா, நீங்க தூக்காட்டியும் பரவாயில்ல,
ஆடாமப் பிடிச்சாப் போதும்.”
“கான் இருக்கு, கான்! காலப் பாத்து!”
உச்சிக்குப் போகும் அம்புக்குறி
வலப்பக்கம் கடந்து போனது.
யாரும் அதைப் பார்க்கவில்லை;
பௌமிலா பார்த்தாளாம், சொல்லவில்லை.

லயத்தில் நாலாவது வாசல்.
நுழையவில்லை.
சாய்த்தார்கள், திருப்பினார்கள், மூச்சை இழுத்துப் பார்த்தார்கள்,
பிரிஜ் மூச்சிழுக்கவில்லை.
கடைசியில் கதவைக் கழற்றி
நிலையில் ஒரு பக்கம் செதுக்கி,
ஒரு மாதிரி உள்ளே.

யோகமலர் தேத்தண்ணி தந்தாள்.
“ஒங்கள மாதிரி ஆளுகளுக்குத்தான் அக்கா.
ஏறி வாரவங்க எல்லாம்
கூலா ஒண்ணுமில்லையான்னு கேட்டுட்டுப் போறாங்க.
சோடா, யோகட், ஐஸ் பக்கட்.
பன்னெண்டு தவணை.”
பிறகு குரலைத் தாழ்த்தி,
“டவுன்ல இப்ப சோடா என்ன விலைக்குப் போகுது?”
சொன்னேன்.
“இங்க இருபது ரூவா கூட வைக்கலாமா?”
என் தோளைக் காட்டினேன்: ஐம்பது வை.

ஆறு மணித்தியாலம் நிற்க விட்டுத்தான்
கரண்ட் கொடுக்க வேண்டுமாம்.
அதனால் எல்லோரும் சும்மா நின்று பார்த்தோம்,
நாலு தூக்கியவர்கள், நாங்கள், அடுத்த காம்பராக்காரர்கள்.
யோகமலரின் சின்னவள் கதவைத் திறந்து
தலையை உள்ளே விட்டு
“குளுருது” என்றாள்.
யாரும் மறுக்கவில்லை.

பாதி குடித்த தண்ணீர்ப் போத்தலை
உள்ளே வைத்துவிட்டு வந்தேன்,
அடுத்த முறை எடுக்கலாமென்று.

திங்கட்கிழமை பாமசியில் கேட்டார்கள்,
மேலே போனால் எவ்வளவு தெரியும் என்று.
வாசல் இரண்டடி,
பிரிஜ் இரண்டடி இரண்டங்குலம் என்றேன்.